பழைய மஸில் காருக்கு கியர்பாக்ஸும் டார்க் கன்வெர்ட்டரும்: எங்கிருந்து தொடங்குவது?

மஸில் கார் (1960, 70களின் சக்திவாய்ந்த அமெரிக்க வி8 கார்) வாங்கிய புதியவர்கள் பெரும்பாலும் இன்ஜினில்தான் முதலில் கை வைக்கிறார்கள். கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி முடித்ததும், யாரோ சொன்னார்கள் என்று 3,500 ஆர்பிஎம் ஸ்டால் (அது என்ன என்று படி 6 இல் சொல்கிறேன்) உள்ள டார்க் கன்வெர்ட்டர் ஒன்று வருகிறது; இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. அதோடு, மலிவாகக் கிடைத்த ஒரு கியர்பாக்ஸ். கடைசியில் பார்த்தால் இன்ஜின் கத்துகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் ஆயில் கருகும் வாசனை.

இதில் ஒவ்வொரு பொருளும் தனியாகப் பார்த்தால் நல்ல பொருள்தான். வாங்கிய வரிசைதான் தவறு. காரின் பின்பக்கத்திலிருந்து முன்னே வர வேண்டும்: டயர், ரியர் ஆக்சிலின் கிரவுன்-பினியன் விகிதம், கியர்பாக்ஸ், எல்லாவற்றுக்கும் கடைசியாக கன்வெர்ட்டர். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு 1969 செவ்ரோலே ஷெவெல், 350 கன அங்குல ஸ்மால் பிளாக் (உருவில் சிறிய வகை) வி8 இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களுக்கும் கணக்கு இதேதான்; அவற்றின் கியர்பாக்ஸ் பெயர்களை நடுவில் சொல்கிறேன்.

படி 1: காரில் இப்போது என்ன இருக்கிறது?

இந்தக் கார்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எத்தனையோ கை மாறியிருக்கும். விற்றவர் சொன்னதை நம்பாமல், அடியில் படுத்து ஆயில் பானின் போல்ட்டுகளை எண்ணுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார் என்றால்: 14 போல்ட் இருந்தால் இரண்டு கியர் பவர்கிளைடு. 13 போல்ட், சதுரமான பான், ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் டர்போ 350 (டர்போ ஹைட்ராமேட்டிக் என்பதன் சுருக்கம்; டர்போசார்ஜருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதே 13 போல்ட், ஆனால் பானின் வடிவம் கோணல்மாணலாக இருந்தால் டர்போ 400. 16 போல்ட் இருந்தால் யாரோ பிற்காலத்து நான்கு கியர் ஓவர்டிரைவ் (கடைசி கியரில் டிரைவ்ஷாஃப்ட் இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும்) கியர்பாக்ஸை ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். அது 700ஆர்4 ஆகவோ 200-4ஆர் ஆகவோ இருக்கும். ஃபோர்டில் 11 போல்ட் என்றால் சி4, 17 என்றால் சி6.

அடுத்து ரியர் ஆக்சில் விகிதம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். டிரைவ்ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் அதுதான் விகிதம். மூன்றுக்கு மேல் ஒரு சின்னத் துண்டு என்றால் 3.08, மூன்றே முக்கால் அளவு என்றால் 3.73. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (செவ்ரோலே இதை பாஸிட்ராக்‌ஷன் என்ற பெயரில் விற்றது) என்றால் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஒரே ஒரு சுற்று.

கடைசியாக டயரின் உயரம். தரையில் நிற்கும்போது டேப் வைத்து அளந்தால் போதும். 14, 15 அங்குல ரிம்மில் சாதாரண சாலை டயர் பெரும்பாலும் 26 அங்குலத்தை ஒட்டி வரும்.

ஒரு எச்சரிக்கை. 1968 முதல் அமெரிக்கக் கார்களின் இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. உங்கள் கியர்பாக்ஸில் உள்ள எண் காரின் எண்ணோடு ஒத்துப்போனால் அதை விற்கவோ, பழைய இரும்புக்குப் போடவோ செய்யாதீர்கள். கழற்றி, துளைகளை அடைத்து, ஓர் ஓரமாக வையுங்கள். என்றாவது காரை விற்கும்போது அதற்கான விலை தனியாகத் தெரியும்.

படி 2: இந்தக் காரில் எங்கே போகப் போகிறீர்கள்?

இதை நேர்மையாக எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குள் ஒரு சுற்று, அவ்வப்போது கார் கண்காட்சி என்பது ஒரு வகை. நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் என்பது வேறு வகை. கால் மைல் டிராக் ரேஸ் இன்னொன்று. மூன்றும் வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். அவர்கள் எதில் விட்டுக்கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்வது நல்லது.

படி 3: கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். இந்த இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

முதல் கணக்கு, நெடுஞ்சாலையில் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது. மைலில் வேகம் × ஆக்சில் விகிதம் × 336, அதை டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் டாப் கியரில் ஆர்பிஎம் கிடைக்கும். 26 அங்குல டயர், மணிக்கு 70 மைல், 3.08 ஆக்சில்: ஏறக்குறைய 2,790 ஆர்பிஎம். 3.73 ஆக்சில் என்றால் 3,370. கன்வெர்ட்டரின் வழுக்கலுக்கு இன்னும் நூறு இருநூறு சேர்த்துக்கொள்ளுங்கள். 3,500 ஆர்பிஎம்மில் ஒரு வி8 மூன்று மணி நேரம் ஓடினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் காதுக்கும் பெட்ரோல் செலவுக்கும்தான் ஆகும்.

ஓவர்டிரைவ் இருந்தால் அந்த எண்ணை அதன் விகிதத்தால் பெருக்குங்கள். 700ஆர்4 இன் நான்காவது கியர் 0.70. அதாவது 3.73 ஆக்சிலோடு 2,360, 3.08 ஆக்சிலோடு 1,950.

இரண்டாவது கணக்கு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் இழுவை. முதல் கியர் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்குங்கள். டர்போ 350 இன் முதல் கியர் 2.52. அதை 3.08 ஆல் பெருக்கினால் 7.76. மந்தமான கார். அதே டர்போ 350 ஐ 3.73 ஆக்சிலோடு சேர்த்தால் 9.40. நன்றாகக் கிளம்பும். இப்போது 700ஆர்4 ஐப் பாருங்கள்: முதல் கியர் 3.06. அதை அந்தப் பழைய 3.08 ஆக்சிலோடு பெருக்கினால் 9.42.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஆக்சிலைத் தொடாமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்றினாலே 3.73 போட்டதற்குச் சமமான கிளம்பும் இழுவை கிடைக்கிறது. அதோடு நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் 2,000க்குக் கீழே வருகிறது. இதைப் போட்டுப் பார்க்காத பலர் ஆக்சிலையும் 3.73 ஆக மாற்றி, மேலே 700ஆர்4 உம் போடுகிறார்கள். பெருக்கினால் 11.4. சாதாரண டயரில் முதல் கியர் வெறும் புகையாகப் போகும்.

சாலைக்கான ஆட்டோமேட்டிக் காருக்கு இந்தப் பெருக்கல் 9 முதல் 10 வரை வந்தால் போதும் என்பது என் கணிப்பு. மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் 10ஐ ஒட்டி இருக்கட்டும். அங்கே டார்க்கைப் பெருக்கிக் கொடுக்க கன்வெர்ட்டர் கிடையாது.

படி 4: ஆட்டோமேட்டிக்கில் எது?

பவர்கிளைடு: 1950 இல் வந்து 1973 வரை ஓடிய இரண்டு கியர் கியர்பாக்ஸ். எளிமையானது, இன்ஜினின் சக்தியைக் குறைவாகத் தின்பது. அதனால்தான் டிராக் ரேஸ்காரர்கள் இன்றும் அதை விடவில்லை. சாலைக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

டர்போ 350: 1969 இல் வந்தது. 2.52, 1.52, 1.00. எங்கும் உதிரிபாகம் கிடைக்கும், எந்தப் பட்டறையும் பிரித்துப் பூட்டும். நெடுஞ்சாலை அதிகம் போகாத ஸ்மால் பிளாக் காருக்கு இதைவிட யோசிக்க வேண்டியதில்லை.

டர்போ 400: 1964 மாடலிலிருந்து. 2.48, 1.48, 1.00. 396, 454 போன்ற பிக் பிளாக் இன்ஜின்களின் டார்க்கைத் தாங்கும். உள்ளே சுற்றும் பாகங்கள் கனம் என்பதால் கொஞ்சம் சக்தியை விழுங்கும். ஸ்மால் பிளாக்குக்குப் பின்னால் "இதுதான் பலம்" என்று இதைப் போடுகிறவர்கள் பலத்துக்கு வீணாகக் கூலி கொடுக்கிறார்கள். இதன் அவுட்புட் ஷாஃப்ட் 32 ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் மேல் உள்ள நீளவாட்டுப் பற்கள்). டர்போ 350 இல் 27. அதனால் டிரைவ்ஷாஃப்ட்டை இந்த ஷாஃப்ட்டோடு இணைக்கும் முன் யோக்கும் மாறும்.

ஃபோர்டில் டர்போ 350 இன் இடத்தில் சி4, டர்போ 400 இன் இடத்தில் சி6. இரண்டுக்குமே 2.46, 1.46, 1.00. கிரைஸ்லர் பக்கம் சிறிய இன்ஜின்களுக்கு டார்க்ஃபிளைட் 904, பெரியவற்றுக்கு 727, விகிதம் 2.45, 1.45, 1.00. 727 இல் பெல்ஹவுசிங் (இன்ஜினோடு பூட்டப்படும் மணி வடிவ முன்பகுதி) கியர்பாக்ஸ் கூட்டோடு ஒரே வார்ப்பாக இருப்பதால், ஸ்மால் பிளாக்குக்கான கூடு பிக் பிளாக்கில் பொருந்தாது. பழைய பொருள் சந்தையில் ஏமாறும் இடம் இது.

இனி ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ்கள்; பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

700ஆர்4, 1982 மாடலிலிருந்து வந்தது. 3.06, 1.63, 1.00, 0.70. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய பள்ளம். 5,500 ஆர்பிஎம்மில் கியர் மாறினால் இன்ஜின் 2,900க்கு இறங்கிவிடும். டர்போ 350 இல் 3,300க்குத்தான் இறங்கும். அடியில் டார்க் குறைந்த, மேலே மட்டும் சக்தி தரும் கேம் போட்டிருந்தால் அந்தப் பள்ளத்தில் கார் மூச்சுத்திணறுவது தெரியும். ஆரம்ப வருடத்து உருப்படிகளில் பலவீனங்கள் இருந்தன. பிரித்துக் கட்டப் பழையது வாங்கினால் 1987க்குப் பிந்தையதாகத் தேடுங்கள்.

200-4ஆர், 1981 முதல் 1990 வரை. 2.74, 1.57, 1.00, 0.67. ப்யூக் கிராண்ட் நேஷனலில் டர்போ வி6 இன்ஜினுக்குப் பின்னால் இருந்தது இதுதான். நம் எடுத்துக்காட்டு ஷெவெல்லுக்கு என் ஓட்டு இதற்கே. காரணம், நீளம். டர்போ 350 இன் வழக்கமான வடிவம் 27 11/16 அங்குலம். 200-4ஆர் உம் அதே நீளம். டிரைவ்ஷாஃப்ட்டை வெட்ட வேண்டாம், யோக்கும் அதேதான். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரை மட்டும் டர்போ 400 இருக்கும் இடத்துக்குப் பின்னே நகர்த்த வேண்டும். 700ஆர்4 ஏறக்குறைய 30 3/4 அங்குலம். டிரைவ்ஷாஃப்ட்டை மூன்று அங்குலம் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். இன்னொன்று, 200-4ஆர் இன் பெல்ஹவுசிங்கில் செவ்ரோலே போல்ட் அமைப்பும், ப்யூக்–ஓல்ட்ஸ்மொபைல்–பாண்டியாக் அமைப்பும் இரண்டுமே உண்டு. ஒரு பாண்டியாக் ஜிடிஓ வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். 700ஆர்4 பாண்டியாக் வி8 இல் அடாப்டர் இல்லாமல் உட்காராது. ஆனால் கம்பெனியில் வந்தபடியே இருக்கும் 200-4ஆர் ஐப் பலமான வி8க்குப் பின்னால் போடாதீர்கள். உள்பாகங்களைப் பலப்படுத்திக் கட்டியதாக இருக்க வேண்டும்.

பிக் பிளாக்குக்கு ஓவர்டிரைவ் வேண்டுமென்றால் 4எல்80இ. டர்போ 400 இன் வாரிசு, 2.48, 1.48, 1.00, 0.75. பெரியது, கனமானது, இயக்கத் தனியாக மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். ஃப்ளோர் டனலில் இடம் பார்த்த பிறகு வாங்குங்கள்.

700ஆர்4, 200-4ஆர் இரண்டிலும் புதியவர்களைக் கவிழ்ப்பது டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இந்தக் கேபிளை, பழைய டர்போ 350 இன் கிக்டவுன் கேபிள் மாதிரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதை வைத்து உள்ளே இருக்கும் ஆயில் அழுத்தத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. தளர்வாக இருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும். புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸ் ஊரைச் சுற்றி வருவதற்குள் கருகிவிடும். ஹோலி, எடல்பிராக் கார்புரேட்டர் என்றால் கேபிள் இழுபடும் கோணத்தைச் சரிசெய்யும் பிராக்கெட் கட்டாயம். முழு ஆக்ஸிலேட்டரில் கேபிள் முழுமையாக இழுபட்டிருக்க வேண்டும். அழுத்தக் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பார்த்த பிறகே சாலையில் இறக்குங்கள்.

படி 5: மேனுவல் வேண்டும் என்பவர்களுக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெவெல்லில் வந்தது மன்சி நான்கு கியர். எம்20 இன் முதல் கியர் 2.52 (1966க்குப் பிந்தையது). எம்21, எம்22 இரண்டுக்கும் 2.20. படி 3 இல் போட்ட கணக்கை இதற்கும் போட்டால், 2.20க்கு 4.11 ஆக்சில் போட்டாலும் 9.04 தான் வருகிறது. அதனால் சாலைக்கு எம்20 தான் பொருத்தம். எம்22க்கு "ராக் கிரஷர்" என்று பட்டப்பெயர். பற்களின் சாய்வு குறைவு என்பதால் வரும் சத்தம் அப்படி. அந்தச் சத்தத்துக்காகவே அதிக விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். ஃபோர்டில் டாப்லோடர், கிரைஸ்லரில் ஏ833.

நெடுஞ்சாலைக்கும் சேர்த்து என்றால் 2020 இல் வந்த ட்ரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர். 2.87 முதல் கியரோடு 3.55 ஆக்சில் என்றால் 10.2. ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றுகிறவர்கள் பெடல், கிளட்ச் லிங்கேஜ், ஃப்ளைவீல், பெல்ஹவுசிங் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெல்ஹவுசிங் துளை கிராங்க்ஷாஃப்ட்டோடு மையம் ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்; 0.005 அங்குலத்துக்கு மேல் விலகினால் ஆஃப்செட் டவல் பின் போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

படி 6: டார்க் கன்வெர்ட்டர்

உள்ளே மூன்று பாகங்கள். இன்ஜினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த ஆயில் கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைனைத் தள்ளுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி இம்பெல்லருக்கே உதவியாக அனுப்புகிறது. டர்பைன் நிற்கும்போது ஸ்டேட்டரின் தயவால் இன்ஜினின் டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கார் வேகம் பிடிக்கப் பிடிக்க அது ஒரு மடங்காக இறங்கிவிடும்.

டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம் வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ஸ்டால். இங்கே கவனிக்க வேண்டியது: ஸ்டால் என்பது கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. இன்ஜினும் கன்வெர்ட்டரும் சேர்ந்து கொடுக்கும் எண். டார்க்கின் வர்க்கமூலத்தோடு அது ஏறும். 350 பவுண்டு-அடி டார்க் தரும் இன்ஜினில் 2,400 காட்டும் கன்வெர்ட்டர், 500 பவுண்டு-அடி தரும் பிக் பிளாக்கில் 2,850ஐத் தாண்டும். எனவே பெட்டியின் மேல் அச்சிட்ட "2,400" என்பதற்கு, எந்த இன்ஜினில் என்று சொல்லாதவரை அர்த்தம் கிடையாது. நண்பரின் காரில் அருமையாக இருக்கும் கன்வெர்ட்டர் உங்கள் காரில் ஏன் சொதப்புகிறது என்பதற்கும் இதுவே பதில்.

பொதுவாகக் கன்வெர்ட்டரின் விட்டம் குறையக் குறைய ஸ்டால் ஏறும். கம்பெனிக் கன்வெர்ட்டர்கள் 12, 13 அங்குலம். ஸ்டால் 1,500 முதல் 1,800க்குள். பந்தயக் கார்களில் 8 அங்குலம்வரை இறங்குகிறது. உள்ளே உள்ள இறக்கைகளின் கோணமும் ஸ்டேட்டரும் சேர்ந்தே அதை முடிவு செய்யும். (1965 முதல் 1967 வரை ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல், கேடிலாக் கார்களின் டர்போ 400 சிலவற்றில் ஓடும்போதே ஸ்டேட்டர் இறக்கையின் கோணத்தை மாற்றும் கன்வெர்ட்டர் வந்தது. ஸ்விட்ச்-பிட்ச் என்பார்கள். பழைய கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.)

எவ்வளவு ஸ்டால் வேண்டும்? கேம்ஷாஃப்ட் அட்டையை எடுத்து, 0.050 அங்குல உயர்வில் இன்டேக் டியூரேஷன் (இன்டேக் வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க்ஷாஃப்ட் சுற்றும் டிகிரியில்) எவ்வளவு என்று பாருங்கள். ஸ்மால் பிளாக் சாலைக் காருக்கு நான் வைத்திருக்கும் தோராயம்: 210 டிகிரிக்குக் கீழே என்றால் கம்பெனிக் கன்வெர்ட்டரே போதும். 215–225 என்றால் 2,200–2,400. 230ஐ ஒட்டி என்றால் 2,600–2,800. 240ஐத் தாண்டினால் 3,000க்கு மேல்; அப்போது அதைச் சாலைக் கார் என்று சொல்வது கொஞ்சம் நெருடும். கார் கனமாக இருந்தாலும், ஆக்சில் எண் சிறியதாக இருந்தாலும் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் கூடவே வரும் சூட்டையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் கார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் குறிப்பும் உண்டு. நியூட்ரலில் நன்றாக நின்று, டிரைவில் போட்டதும் இன்ஜின் குலுங்கி அணைகிறதா? சிக்னலில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காவிட்டால் கார் முன்னே தள்ளுகிறதா? கேமுக்குக் கன்வெர்ட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கிளம்பும்போது மட்டும் மந்தம் என்றால், அது ஆக்சில் விகிதத்தின் குறையாக இருக்கலாம். கன்வெர்ட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

"3,000 ஸ்டால் போட்டால் 3,000 வரை கார் நகராதா?" என்று கேட்பார்கள். நகரும். அந்த எண் முழு ஆக்ஸிலேட்டருக்கானது. லேசாக மிதித்தால் அதைவிட மிகக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கார் கிளம்பும். நன்றாகச் செய்த கன்வெர்ட்டர் இதில் நயமாக நடந்துகொள்ளும், மலிவானது ரப்பர் மாதிரி இழுக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் இதற்குத்தான்.

ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்கு லாக்-அப் கன்வெர்ட்டரையே வாங்குங்கள். நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஸ்டால் 2,400 என்றால் கன்வெர்ட்டர் ஓயாமல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறுகிறது. லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் வழுக்கல் இல்லை. ஆனால் 1969 காரில் அதற்கான வயரிங் கிடையாது. 12 வோல்ட் கொடுத்து, பிரேக்கை மிதித்தால் விடுபடும்படி ஒரு சுவிட்ச், நான்காவது கியரில் மட்டும் வேலை செய்யும்படி ஒரு பிரஷர் சுவிட்ச் என்று தனியாகப் போட வேண்டும். லாக்-அப் கன்வெர்ட்டரை வாங்கிவிட்டு வயரைக் கொடுக்காமல் ஓட்டுவது, வாங்காததைவிட மோசம்.

நம் எடுத்துக்காட்டு ஷெவெல்லுக்கு, 220 டிகிரி கேம், 3.42 ஆக்சில், 200-4ஆர் என்றால் முதல் கியர் பெருக்கல் 9.37, 70 மைலில் 2,070 ஆர்பிஎம். கன்வெர்ட்டர் 2,200–2,400, லாக்-அப்போடு. இரண்டு எண்களுக்கு நடுவே தயங்கினால் குறைந்ததை எடுங்கள். ஸ்டால் குறைந்த கன்வெர்ட்டரோடு வாழ்ந்துவிடலாம். அதிகமானது ஒவ்வொரு சிக்னலிலும் எரிச்சலூட்டும்.

படி 7: ஆர்டர் கொடுக்கும்முன்

கன்வெர்ட்டரைக் கட்டிக் கொடுக்கும் கடைக்கு நேரடியாகப் பேசுங்கள். காரின் எடை, டயர் உயரம், ஆக்சில் விகிதம், கியர்பாக்ஸ், இன்ஜினின் கொள்ளளவு, கம்ப்ரஷன், கேம் அட்டை, எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பது எல்லாம் கையில் இருக்கட்டும். இவற்றைக் கேட்காமலேயே விற்கத் தயாராக இருப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் பல் வைத்த தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் பாருங்கள். செவ்ரோலேயில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு. ஸ்டார்ட்டர் மோட்டாரின் முன்பகுதியும் அதற்கேற்ப மாறும். கன்வெர்ட்டர் போல்ட் வட்டம் 10.75 அங்குலமா 11.5 அங்குலமா என்று அளந்துகொள்ளுங்கள். 400 ஸ்மால் பிளாக், 454, 1986க்குப் பிந்தைய 350 ஆகியவற்றுக்கு எடை வைத்த ஃப்ளெக்ஸ்பிளேட் வேண்டும். மாற்றிப் போட்டால் இன்ஜின் நடுங்கும்.

பட்டியலில் விட்டுப்போகிறவை: ஆயில் கூலர், ஸ்பீடோமீட்டர் கியர், நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச், நான்கு கியருக்கு ஏற்றபடி ஷிஃப்டரின் பள்ளங்கள், டிப்ஸ்டிக் குழாய். கூலரை மறந்துவிட்டு மற்றதெல்லாம் வாங்கி வருபவர்கள் அதிகம். பானில் ஆயில் 80–90 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. 105ஐத் தாண்டி நின்றால் ஆயிலின் ஆயுள் வேகமாகக் குறைகிறது. ஒரு வெப்பமானி பொருத்துங்கள், விலை குறைவுதான்.

படி 8: பூட்டுதல்

பழைய கூலரையும் குழாய்களையும் கழுவிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் பழைய கியர்பாக்ஸின் தூள் புதியதற்குள் போகும். கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றி, கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டில் வைத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். "டக்" "டக்" என்று இரண்டு மூன்று முறை உள்ளே இறங்க வேண்டும். கடைசி இறக்கம் பம்ப்பில் பிடிக்கும் இடம். அதைத் தவறவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.

கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும்போது பெல்ஹவுசிங் கையால் தள்ளியே முழுதாக ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கன்வெர்ட்டர் உள்ளே இறங்கவில்லை. கழற்றி மறுபடி பாருங்கள். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும்; ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவு வந்தால் முன்னே இழுத்து போல்ட் போடுங்கள். அதைவிட அதிகம் என்றால் வாஷர் வைத்து நிரப்பலாம். குறைவு என்றால் எங்கோ பாகம் தவறு.

படி 9: முதல் ஓட்டம்

கன்வெர்ட்டரில் ஊற்றியது போக, பானில் ஐந்து குவார்ட் ஊற்றிய பிறகு ஸ்டார்ட் செய்து, உடனே மீதியை ஊற்றத் தொடங்குங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸில் ஆயில் மட்டத்தை இன்ஜின் ஓடும்போது, சூடான பிறகு, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரைஸ்லர் டார்க்ஃபிளைட்டில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபோர்டு சி4, சி6க்கு டைப் எஃப் ஆயில், மற்ற இரண்டுக்கும் டெக்ஸ்ரான் வகை.

ஸ்டால் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துவது பழைய வழக்கம். ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதிக்கும். அந்தக் காலத்து டிரம் பிரேக் அதுவரை தாங்குவதும் இல்லை, சக்கரம் சுற்றிவிடும். ஆளில்லாத மூடிய இடத்தில், டிரைவில் மெதுவாக ஊர்ந்துகொண்டே ஒரே மூச்சில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, முள் முதலில் எங்கே தாவி நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் அன்றாடம் உணரப்போகும் ஸ்டால்.

முதல் சில நூறு மைலுக்குப் பிறகு பானை இறக்கி ஃபில்டரை மாற்றுங்கள். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவு இருந்தால் அது கிளட்ச் பிளேட்டுகள் பழகிய அடையாளம், துடைத்துவிட்டுப் பூட்டலாம். பளபளக்கும் உலோகத் துண்டோ, கருத்த கிளட்ச் சில்லோ இருந்தால் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.